ஆறாம் பக்கத்தில் ஒளிந்திருந்த பிள்ளைகள்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். கணவர் யூதர், நான் மதம் மாறவில்லை. எங்கள் பிள்ளைகள் இருவரும் இங்குள்ள சினகாக் என்ற யூத வழிபாட்டுத் தலத்தின் ஞாயிறு பள்ளியில் ஹீப்ரூ படிக்கிறார்கள். நான்கு வருடமாக அங்கே ஓவியமும் கைவேலையும் சொல்லித் தருகிறேன். பதின்மூன்று வயதில் பெரியவர்களாக ஏற்கும் பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா சடங்கு முடிந்த கையோடு பிள்ளைகள் வகுப்பை விட்டுவிடுகிறார்கள். போன வருடம் 11 பேரில் 9 பேர் திரும்பி வரவில்லை. எங்கள் சபையில் மும்பையிலிருந்து வந்த, பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூதச் சமூகத்துப் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவர் அவலில் மலிதா என்ற படையல் செய்து காட்டினார். போனை விட்டுக் கண்ணெடுக்காத பெரிய பிள்ளைகள்கூட இரண்டு மணி நேரம் நகரவில்லை. பல நாட்டு யூதக் குடும்பங்களின் சமையல் வழியாக ஹீப்ரூவும் மரபும் கற்பிக்கலாமே என்று அப்போது தோன்றியது. ஒரு குடும்ப அறக்கட்டளையிடம் 60,000 டாலர் கிராண்ட் (நிதியுதவி) கேட்டு விண்ணப்பித்தேன். இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். புதுமை போதவில்லையா? நான் யூதராகப் பிறக்காததுதான் காரணமா? அடுத்த முறை மும்பையில் உள்ள ஓர் அமைப்பையும் சேர்த்துக்கொண்டு, பணத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு அனுப்பலாம் என்றும் நினைக்கிறேன். விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விண்ணப்பத்தைக் கையில் பென்சிலோடு படித்தேன். ‘புதுமை’யும் அதன் சொந்தக்காரச் சொற்களும் 17 இடத்தில் வருகின்றன. 11 பேரில் 9 பேர் திரும்பவில்லை என்ற செய்தி ஆறாம் பக்கத்தில், ‘சபையின் பின்னணி’ என்ற தலைப்புக்குக் கீழே, நான்காவது வரியில் இருக்கிறது. மலிதா பாட்டி விண்ணப்பத்தில் இல்லவே இல்லை. எனக்கு எழுதிய கடிதத்தில்தான் இருக்கிறார்.

இரண்டு வரி மறுப்பைப் பிரித்துப் பிரித்துப் படித்துக் காரணம் தேடாதீர்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் மேசைக்குப் பின்னால் நானும் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார இறுதிக்கு நாற்பது விண்ணப்பம் வரும். சனிக்கிழமை மதியத்துக்குள் கண் தானாகவே தாவ ஆரம்பித்துவிடும். முதல் பக்கத்தில் ஒரு பிள்ளையின் முகம் தெரியாவிட்டால் ஆறாம் பக்கம்வரை யாரும் பொறுமையாக வரமாட்டார்கள். உங்கள் முதல் பக்கத்தில் தெரிவது இருபது டேப்லட்டும் ஒரு செயலியும்தான்.

நானும் இதைச் செய்தவன்தான். என் முதல் விண்ணப்பம் ஒரு நூலகத் திட்டத்துக்கு. அதில் மென்பொருளின் வசதிகளை மூன்று பக்கம் எழுதிவிட்டு, அந்த நூலகத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை ஒரே வரியில் முடித்திருந்தேன். திரும்பி வந்தது. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் இந்தப் ‘புதுமை’ விஷயத்தைப் பேசிவிடலாம். கொடையாளர்களின் அறிவிப்புகளில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவதால், உலகத்தில் யாரும் செய்யாததைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். நீங்கள் சொல்லித் தரும் ஞாயிறு பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1838இல் ஃபிலடெல்ஃபியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி ஹீப்ரூ ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது அது பெரிய புதுமை. கட்டணம் கிடையாது, ஆண் பெண் இரு பாலரும் படிக்கலாம், சொல்லித் தருபவர்கள் பெண்கள். அந்த வடிவத்தை அவர் எங்கிருந்து எடுத்தார்? சுற்றியிருந்த கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளியிலிருந்து. அக்கம்பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒன்றைத் தன் பிள்ளைகளின் தேவைக்கு வெட்டித் தைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னொருவர் சாம்சன் பெண்டெர்லி. இன்றைய இஸ்ரேலில் உள்ள சஃபேத் நகரில் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து மருத்துவம் படித்தவர். அதை விட்டுவிட்டு ஹீப்ரூ கற்பிக்கப் போனார். 1910இல் நியூயார்க்கில் யூதக் கல்விக்கென்று ஒரு அலுவலகம் தொடங்கியபோது அவரைத்தான் தலைமைக்கு வைத்தார்கள். வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் பணம் கொடுத்தார். கண்ணாடிச் சிலைடுகளை விளக்கு வைத்துத் திரையில் காட்டிப் பாடம் நடத்தினார் பெண்டெர்லி. அந்தக் காலத்து டேப்லட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் அவருக்குப் பணம் கிடைத்தது விளக்குக்காக அல்ல. நியூயார்க்கில் பெரும்பாலான யூதப் பிள்ளைகளுக்கு எந்த யூதக் கல்வியும் கிடைக்கவில்லை என்பது ஷிஃப் போன்ற கொடையாளர்கள் மறுக்க முடியாத கணக்காக முன்னால் வைக்கப்பட்டது. பணத்தை வரவழைத்தது அந்தக் கணக்குதான்.

உங்களிடமும் கணக்கு இருக்கிறது. 11இல் 9. அதோடு சேர்த்துச் சொல்ல நாட்டளவிலான செய்தியும் உண்டு. 2006க்கும் 2020க்கும் இடையில் அமெரிக்காவில் இந்த மாதிரிப் பகுதிநேர ஹீப்ரூ பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாக 2023இல் வெளியான கணக்கெடுப்பு சொல்கிறது. கொடையாளர் மேசையில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் அதை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் வகுப்பறை. கடந்த ஐந்து வருடப் பதிவேட்டை எடுத்து, எந்த வயதில் எத்தனை பேர் நின்றார்கள் என்று ஒரு சிறு அட்டவணை போடுங்கள். நின்றுபோனவர்களில் நான்கைந்து பேரின் பெற்றோரிடம் பேசுங்கள். ‘நேரமில்லை’ என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளாமல் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள்.

அப்புறம் மலிதா. இதுதான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர், இதைப் போய் விட்டுவிட்டீர்களே! கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் எலியா தீர்க்கதரிசியை நினைத்து அவல், தேங்காய், சர்க்கரை, பழங்களோடு வைக்கும் படையல் அது. அலிபாக் அருகே கண்டாலா கிராமத்தில் எலியா வந்து நின்றதாக அவர்களுக்கு நம்பிக்கை. மரங்களின் புத்தாண்டான டு பிஷ்வாத் அன்று அங்கே போய் மலிதா வைப்பார்கள். நம் ஊரில் அவல் ஊறவைக்காத வீடு உண்டா? பாட்டி கிண்ணத்தைத் திறந்ததும் உங்களுக்கு வீட்டு நினைப்பு வந்திருக்கும். ஆனால் தேர்வுக் குழுவில் இருப்பவர்களில் பலர் அவலைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். அதனால் ஒரே ஒரு வகுப்பு எப்படி நடக்கும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். மலிதா தட்டில் பழங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆசிமொழி சொல்ல வேண்டும். யூத மரபில் மரத்தில் காய்ப்பதற்கு ஓர் ஆசிமொழி, மண்ணில் விளைவதற்கு வேறொன்று. கடைசிச் சொல் மட்டும் மாறும். வாழைப்பழத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து ‘இது எதில் சேரும்?’ என்று கேளுங்கள். எல்லோரும் மரம் என்பார்கள். நாமே வாழைமரம் என்றுதானே சொல்கிறோம். யூதச் சட்டப்படி வாழை மரமில்லை. குலை தள்ளியதும் தண்டு அழிந்து, அடுத்த கன்று கிழங்கிலிருந்து வருவதால் அதற்கு மண்ணின் விளைச்சலுக்கான ஆசிமொழிதான். ஏன், எது மரம், எது செடி, யார் முடிவு செய்தது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை சண்டைக்கு வரும். ‘மரம்’, ‘மண்’ என்ற இரண்டு ஹீப்ரூச் சொற்களும் அந்தச் சண்டையிலேயே மனதில் ஒட்டிக்கொள்ளும். இந்த அரைப் பக்கத்தைப் படிப்பவர் திட்டம் வேலை செய்யும் என்று நம்பிவிடுவார். ‘அனுபவவழிப் பன்முகக் கற்றல்’ என்று நீங்கள் எழுதியிருந்த பத்தியைத் தூக்கிவிடலாம்.

செயலியையும் தூக்கிவிடுங்கள். ஆசிமொழிகளும் மூல நூல்களும் மொழிபெயர்ப்போடு செஃபாரியா தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ‘ஏற்கெனவே இருப்பதை மறுபடி கட்ட 25,000 டாலரா?’ என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. டேப்லட், செயலி, வீடியோ எல்லாவற்றுக்கும் தொகை போட்டிருக்கிறீர்கள். ஒருங்கிணைப்பாளர் என்ற வரிக்கு எதிரே பூஜ்யம், பக்கத்தில் ‘தன்னார்வம்’ என்று குறிப்பு. அந்த ஒருங்கிணைப்பாளர் நீங்கள்தானே? சம்பளம் கேட்கக் கூச்சம். புரிகிறது. ஆனால் கொடையாளர் இதைத் தியாகமாகப் பார்ப்பதில்லை. இவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் திட்டம் நின்றுவிடும் என்றுதான் பார்க்கிறார்.

நான் என்றால் இப்படிப் போடுவேன். 24 பிள்ளைகள், 12 ஞாயிற்றுக்கிழமைகள். ஒருங்கிணைப்பாளருக்கு வாரம் 8 மணி நேரம், 30 வாரம், மணிக்கு 35 டாலர் வீதம் 8,400. ஹீப்ரூ ஆசிரியருக்குக் கூடுதல் நேரம் வகுப்புக்கு 3 மணி, மணிக்கு 40 வீதம் 1,440. மளிகை, காய்கறி வகுப்புக்கு 150 வீதம் 1,800. பாட்டிக்கும் அவரைப் போல் வந்து சொல்லித் தரும் பெரியவர்களுக்கும் ஆறு பேருக்குத் தலா 200, ஆக 1,200. இதை மட்டும் குறைக்காதீர்கள். பாட்டி வேண்டாம் என்பார், கையில் திணித்து அனுப்புங்கள். பிள்ளைகள் தொகுக்கும் சமையல் கையேட்டுக்கு 1,500. மதிப்பீட்டுக்கு 2,000. மொத்தம் 16,340. அலுவலகச் செலவு பத்து விழுக்காடு 1,634. ஆகக் கூடி 17,974.

இதோடு 26 டாலர் சேர்த்து 18,000 ஆக்கிவிடலாம் என்று எனக்குக் கை பரபரக்கிறது. நாம் மொய் எழுதும்போது 101, 501 என்று ஒன்று கூட்டி எழுதுவது போல, யூதர்கள் நன்கொடையை 18இன் மடங்காகக் கொடுப்பது வழக்கம். ‘உயிர்’ என்று பொருள்படும் ‘ஹை’ என்ற ஹீப்ரூச் சொல்லின் எழுத்துகளுக்கு உரிய எண் மதிப்பைக் கூட்டினால் 18 வரும். கவனன்ட் ஃபவுண்டேஷன் சிறந்த யூதக் கல்வியாளர்களுக்குத் தரும் விருதுத் தொகைகூட 36,000 டாலர், அதாவது இரட்டை ‘ஹை’ கணக்கு. ஆனால் விண்ணப்பத்தில் வேண்டாம். 26 டாலருக்கு ரசீது காட்ட வேண்டி வரும்.

கவனன்ட் பெயர் வந்துவிட்டது, எங்கே கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் 1990 முதல் யூதக் கல்விக்கென்றே இயங்குவது அது. சிகாகோவின் கிரவுன் குடும்பத்தின் பணம். அங்கே இரண்டு வகை கிராண்ட் உண்டு. பெரியது மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர் வரை. ‘இக்னிஷன்’ என்ற சின்னது ஒரு வருடத்துக்கு 20,000 வரை. உங்களுக்குச் சின்னதுதான் பொருத்தம். ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டுப் பெரியதுக்குப் போகலாம். எடுத்த எடுப்பில் முழு விண்ணப்பம் கேட்கமாட்டார்கள். முதலில் சுருக்கமான ஒரு முன்கடிதம், பிடித்தால்தான் விரிவாக எழுதச் சொல்வார்கள். தொகையும் கெடுவும் வருடத்துக்கு வருடம் மாறக்கூடும், இந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் பகுதி யூத ஃபெடரேஷனை, அதாவது யூத அமைப்புகளுக்குப் பணம் திரட்டிப் பகிரும் கூட்டமைப்பை, போய்ப் பாருங்கள். உள்ளூர் ஃபெடரேஷன்கள் பலவும் சிறு தொகைகளை உள்ளூர்ப் பள்ளிகளுக்கே ஒதுக்குகின்றன. அங்கே 3,000 டாலர் கிடைத்தால்கூட, வெளியூர்க் கொடையாளருக்கு அது ஒரு சாட்சி.

குடும்ப அறக்கட்டளைகளை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் பெயரைப் பார்த்துக் கேட்காமல் கணக்கைப் பார்த்துக் கேளுங்கள். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் வருடாவருடம் 990 பிஎஃப் என்ற படிவம் தாக்கல் செய்ய வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். உங்களை மறுத்த அறக்கட்டளையின் படிவத்தை நான் எடுத்துப் பார்த்தேன். கடந்த மூன்று வருடத்தில் அவர்கள் புதிதாகச் சேர்த்தவர்கள் இரண்டே பேர், கொடுத்த தொகை ஒன்றுகூட 15,000ஐத் தாண்டவில்லை. நீங்கள் கேட்டது 60,000. பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் நாம் எவ்வளவு விசாரிப்போம்! அதில் பாதி விசாரணை போதும், இந்த அலைச்சல் மிச்சம். விசாரித்த பிறகு, எழுதுவதற்கு முன்னால், அங்கே விண்ணப்பங்களைக் கவனிக்கும் ப்ரோக்ராம் ஆபீசரிடம் பத்து நிமிடம் போனில் பேச முடியுமா என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். தொந்தரவு என்று நினைக்காதீர்கள். தனியார் அறக்கட்டளைகள் சொத்தில் சுமார் 5 விழுக்காட்டை வருடாவருடம் செலவழித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்கும் நல்ல ஆள் வேண்டும்.

யூதராகப் பிறக்காதது பற்றி. 2020இல் ப்யூ நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில், 2010க்குப் பிறகு மணம் செய்துகொண்ட அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணைவர் யூதர் அல்லாதவர். உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு உங்களைப் போல் ஒரு அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். அந்த வீடுகளை உள்ளிருந்து அறிந்தவர் நீங்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒன்று. விண்ணப்பம் உங்கள் பெயரில் போகக்கூடாது, சபையின் பெயரில் போக வேண்டும். பாடத்தில் எது சரி, எது தவறு என்று சொல்லும் பொறுப்பு உங்கள் மதகுருவான ரபியிடமோ கல்வி இயக்குநரிடமோ இருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். பாட்டியை விருந்தாளியாக வைக்காமல் திட்டமிடும் குழுவில் பெயர் போட்டுச் சேருங்கள். அவருடைய மரபை அவர் இல்லாமல் நாம் விளக்கினால், எவ்வளவு அன்போடு செய்தாலும், அது நன்றாக இருக்காது.

சபையின் பெயரில் போகும்போது ஒரு காகிதச் சிக்கல் வரும். வழிபாட்டுத் தலங்களுக்கு 501 சி 3 என்ற அமெரிக்க வரிச்சட்டப் பிரிவின் வரிவிலக்கு தானாகவே உண்டு, தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. அதனால் பல சினகாக்குகளிடம் அதற்கான கடிதமே இருக்காது. கொடையாளர் அதைத்தான் முதலில் கேட்பார். பொருளாளரிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள். வழிபாட்டுத் தலங்களுக்கு நேரடியாகத் தருவதில்லை என்று விதி வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படியானால் ஃபெடரேஷனோ ஒரு கல்வி அமைப்போ பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்க ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மும்பைக்குப் பணம் அனுப்புவது இப்போதைக்கு வேண்டாம். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை வாங்க, அதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். பதிவுக்குக் குறைந்தது மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் தன் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வாங்கியதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அந்த மும்பை அமைப்புக்கு இந்தப் பதிவு இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். இல்லையென்றால் 4,000 டாலர் அனுப்பப்போய் அவர்களை வம்பில் மாட்டிவிடுவீர்கள். முதல் வருடம் வீடியோ அழைப்பில் சேர்ந்து சமைக்கட்டும், அதற்குப் பணம் தேவையில்லை.

கிராண்ட் முடிந்த பிறகு என்ன என்ற கேள்வி எல்லாப் படிவத்திலும் இருக்கும். ‘வேறு கொடையாளர்களை அணுகுவோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். யூதப் பள்ளிகளுக்கு ஏராளமாகக் கொடுத்த அவி ஹை ஃபவுண்டேஷன், மூலதனத்தையே செலவு செய்து தீர்த்துவிடுவது என்று முன்கூட்டியே அறிவித்து, 2019 கடைசியோடு கொடையை நிறுத்திக்கொண்டது. பணக்காரக் கொடையாளரும் ஒருநாள் போய்விடுவார். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படியாகப் பிரித்து, வாங்குபவர் மறுபடி கை நீட்டத் தேவையில்லாதபடி செய்வதை எல்லாவற்றுக்கும் மேல் படியில் வைத்தார். இந்தக் கேள்வி படிவத்துக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? இரண்டாம் வருடம் மளிகைக்குப் பெற்றோர் கட்டணம், முதல் வருடப் பிள்ளைகளில் நான்கு பேர் உதவி ஆசிரியர்கள், உங்கள் ஊதியத்தில் பாதியைச் சபை ஏற்கும் என்று நிர்வாகக் குழுவின் ஒரு கடிதம். மூன்றாவதை வாங்குவதுதான் கஷ்டம். இப்போதே கேளுங்கள்.

மதிப்பீடு என்று தனியாகப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ‘யூத அடையாளம் வலுப்படும்’ என்று எழுதினால் எதை வைத்து அளப்பது? சடங்கு முடிந்த அடுத்த செப்டம்பரில் எத்தனை பேர் மறுபடி பெயர் கொடுத்தார்கள் என்பதை எண்ணுங்கள். இப்போது 11இல் 2. பாதிப் பேராவது திரும்பி வரும்படி செய்வோம் என்று எழுதுங்கள், எல்லோரும் என்று எழுதினால் நம்பமாட்டார்கள்.

சமையலறை பற்றி ரபியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி எந்தப் பாத்திரம், எந்த அடுப்பு, யார் மேற்பார்வை என்பது அதில் இருக்க வேண்டும். மலிதா வகுப்பைப் பெசாக் பண்டிகை சமயத்தில் வைக்காதீர்கள், ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசிக் குடும்பங்களில் பலர் அந்த வாரம் அரிசி தொடமாட்டார்கள். டு பிஷ்வாத் ஜனவரி, பிப்ரவரியில் வரும், அதற்கு வைத்தால் பாட்டிக்கும் சந்தோஷமாக இருக்கும். இன்னொன்று, விண்ணப்பத்தில் எங்குமே இல்லாதது: அவர் மலிதாவில் பாதாம், பிஸ்தா போடுவார் இல்லையா, 24 பிள்ளைகளின் பெற்றோரிடமும் அலர்ஜி படிவம் வாங்கிவிட்டுத்தான் அவலை ஊறவைக்க வேண்டும்.